கட்டம் டீச்சரும் நகர்ந்துபோன பக்கமும்

அந்தப் பயிற்சி நிலையத்தில் வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்வது என்றால் கட்டம் போடக் கற்றுக்கொள்வது. அதைச் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் பிள்ளைகள் அவளுக்குக் கட்டம் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது, அதுவும் தற்காலிக ஊழியர்கள் என்ற தலைப்பின் கீழ். வேலைக்குச் சேர்ந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது சாயம் பூசாமல் வெளியே கிளம்ப முடிவதில்லை, வேலை மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருந்தது. நிரந்தரம் செய்யும் கோப்பு பாடத்திட்டக் குழுத் தலைவரின் மேசைக்குப் போய்விட்டதாகவும், எந்த நேரமும் அவர் அதைத் திறந்து பார்க்கக்கூடும் என்றும் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பாடப்புத்தகத்தை எழுதியவரும் அந்தத் தலைவர்தான். ஒரு வலைப்பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தார். முதலில் டேபிள் என்கிற அட்டவணையைப் போட வேண்டும். மேல் கட்டத்தில் கடையின் பெயர், இடது கட்டத்தில் பட்டியல், நடுக் கட்டத்தில் சமாச்சாரம், கீழ்க் கட்டத்தில் முகவரி. பிறகு கோடுகளையெல்லாம் மறைத்துவிட்டு, கட்டமே போடாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான் பண்ணினார்கள். அப்புறம் உலகம் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டு போய்விட்டது. போனில் பார்த்தால் போனுக்குத் தக்கபடி, பெரிய திரையில் பார்த்தால் அதற்குத் தக்கபடி பக்கமே தன்னை ஒதுக்கிச் சரிசெய்துகொள்கிறது. பயிற்சி நிலையத்துக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் உரிய வழியாக வரவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலோடு வருவார். திரையின் மேல் ஸ்கேலை வைத்து இடது கட்டத்தின் அகலத்தை அளப்பார். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு இருந்தால் முழு மதிப்பெண். சில கணினிகளுக்குப் பெரிய திரை, சிலவற்றுக்குச் சின்னத் திரை என்பதால் ஒரு வருஷம் பெரிய திரையில் உட்கார்ந்த பிள்ளைகள் மொத்தமாகக் கோட்டைவிட்டார்கள். முதல்வர் உடனே நடவடிக்கை எடுத்தார். பெரிய திரைகளின் ஓரத்தில் கறுப்புத் தாளை ஒட்டி எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினார். சமத்துவம் என்று அதற்குப் பெயர்.

கட்டத்துக்குள் கட்டம் போட்டால் கூடுதல் மதிப்பெண். அதற்குள்ளும் ஒரு கட்டம் போட்டால் இன்னும் கூடுதல். முதலிடம் வந்த பையன் ஒருவன் ஆழமாகப் போய்க்கொண்டே இருந்ததில், கடைசிக் கட்டம் ஓர் எழுத்துக்கு மேல் கொள்ளாத அளவு ஒடுங்கிவிட்டது. தேர்வுக்குக் கொடுத்திருந்த மருத்துவமனையின் பெயர் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. பக்கம் திறப்பதற்குள் தேர்வாளர் தேநீர் குடித்துவிட்டு வந்தார். அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு விஷயம் தெரியாதா என்றால் நன்றாகத் தெரியும். அங்கேதான் சங்கடமே. சாயங்காலங்களில் பல் மருத்துவருக்கும் டயர் கடைக்காரருக்கும் அவள் வலைப்பக்கம் செய்துகொடுத்தாள், அதில் மருந்துக்குக்கூடக் கட்டம் கிடையாது. வகுப்பில் ஒரு நாள் ஒருத்தி எழுந்து, “டீச்சர், போன்ல பார்த்தா பாதிப் பக்கம் வெளிய போயிடுதே?” என்று கேட்டாள்.

“பரீட்சை போன்ல நடக்காதும்மா. உக்காரு.”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பெண் உட்கார்ந்த விதம் ஞாபகத்துக்கு வந்து நெஞ்சு குறுகுறுத்தது. இப்படிக் குறுகுறுப்பது அவளுக்குப் பழகியும் போயிருந்தது. நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம்தான் இருப்புச் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். கட்டங்கள் சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே ஒரு வெற்றுப் படத்தை வைப்பது பழைய வழக்கம். நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பாடத்திட்டக் குழுவே முத்திரையிட்ட உறையில் நிலையத்துக்கு வழங்கியிருந்தது. அதிகாரி மேசை நாற்காலிகளை எண்ணி முடித்து, “வெற்றுப் படம், ஒன்று. எங்க?” என்றார்.

டீச்சர் கணினியைத் திறந்து காட்டினாள்.

“ஒண்ணும் இல்லையே.”

“அதான் சார் படம்.”

“எது?”

“இப்ப நீங்க பார்க்கிறது.”

“நான் ஒண்ணையும் பார்க்கலையே.”

“அப்படித்தான் சார் அது இருக்கணும்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “டீச்சர், நான் இருபது நிலையம் பார்த்துட்டு வரேன். இல்லாத பொருளை இருக்குன்னு சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஆனா தெரியாம இருக்கிறதுதான் அதோட லட்சணம்னு சொன்னது நீங்கதான்.” காணவில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

முதல்வர் ஓடி வந்தார். சரிபார்ப்பு முடிகிற வரைக்கும் படத்துக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். அதிகாரி பார்த்தார், திருப்தியானார், சிவப்புப் படம் ஒன்று, நல்ல நிலையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு யாருக்கும் வண்ணத்தை எடுக்க அதிகாரம் இல்லை. சிவப்பாக இருப்பதாகச் சான்றளிக்கப்பட்ட பொருளை நிறம் மாற்றினால் சேதப்படுத்தியதாகிவிடுமாம். அன்றிலிருந்து அந்த நிலையத்தில் செய்யப்பட்ட ஒவ்வொரு பக்கத்திலும், மூலைக்கு மூலை, சொறி வந்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். தலைவர் புத்தகத்தின் புதிய பதிப்பில் ஒரு வரி சேர்த்தார்: கண்ணுக்குத் தெரியாத படம் பொதுவாகச் சிவப்பாக இருக்கும்.

இந்தப் புள்ளிகளோடுதான் சிட்டு ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனாள்.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். டீச்சரின் அக்கா மகள். அக்கா வேறு ஊரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்துபோனவள். “உன்கிட்ட படிச்சா நாலு எழுத்து உருப்படியா கத்துக்குவா. உன்னை நம்பித்தான் விடுறேன்” என்று சொல்லி மகளைத் தங்கையிடம் விட்டிருந்தாள். வீட்டில் சித்தி, வகுப்பில் டீச்சர். சிட்டு இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை. வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, புத்தகத்தில் இருக்கிறபடி அகலம் பிசகாமல் கட்டம் போடுவாள்.

நேர்முகத் தேர்விலிருந்து திரும்பியவள் கைப்பையைச் சோபாவில் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாச்சுடி?”

“ஒண்ணுமில்ல சித்தி. நான் செஞ்ச பக்கத்தைக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். இந்தச் சிவப்பு என்னன்னு கேட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத படம்னு சொன்னேன்.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பக்கத்து ரூம்ல இருந்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினாங்க சித்தி.”

டீச்சருக்கு முகம் சுட்டது. “யாரு சொல்லிக்கொடுத்தான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. நானா கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டேன்.”

இதைச் சிட்டு வெகு சாதாரணமாகச் சொன்னாள், மழை வந்தது, குடை பிடித்தேன் என்கிற மாதிரி. டீச்சர் அடுப்பங்கரைக்குப் போய் இல்லாத வேலையைத் தேடினாள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு முன்னால் கண் கலங்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

ஆனால் அந்தக் கம்பெனியில் இருந்தவர்களில் ஓர் அம்மாள் நல்லவள். சிட்டுவின் கைவேகமும் பொறுமையும் அவளுக்குப் பிடித்திருந்தது. ரெண்டு மாசத்தில் ஒழுங்கான முறையைக் கற்றுக்கொண்டு, படிப்பை முடித்த சான்றிதழோடு வா, உனக்காக ஓர் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வேலை கிடைத்தால் அம்மாவைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி அழைத்துவந்துவிடலாம் என்று சிட்டு அதற்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டாள்.

“ஒழுங்கான முறைன்னா என்ன சித்தி?”

டீச்சர் டயர் கடைக்காரரின் பக்கம் திறந்திருந்த மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சிட்டு உள்ளே இருக்கிற வரிகளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு கீழிருந்து மேல்வரை.

“இதுல ஒரு டேபிள்கூட இல்லையே.”

“இல்ல.”

“நீங்களா செஞ்சீங்க?”

“ஆமா. இது வேலைக்கு.”

“அப்ப நாங்க படிக்கிறது?”

“அது பரீட்சைக்கு.”

சிட்டு கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். “எல்லாருக்குமே தெரியாதா சித்தி, இல்ல எங்களுக்கு மட்டும் தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்து வீட்டில் வேறு பாடம் நடந்தது. பகலில் வகுப்பில் கட்டம், சாயங்காலம் கூடத்தில் கட்டமில்லாத பக்கம். சிட்டு பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டாள். டீச்சருக்குச் சந்தோஷம் பிய்த்துக்கொண்டு போனது. அதே சமயம் மறுநாள் வகுப்பில் நிற்கும்போது, மீதிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தன் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல தண்ணீரும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குட்டைத் தண்ணீரும் ஊற்றுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே ஊற்றினாள்.

ஒரு விஷயத்தைப் படித்துப் படித்துச் சொன்னாள். “பரீட்சையில மட்டும் கட்டம் போட்டுட்டு வந்துடுடி. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடு.”

“சரி சித்தி.”

செய்முறைத் தேர்வில் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பக்கம் செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாரும் கட்டத்துக்குள் கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் ஸ்கேலோடு வரிசையாக அளந்துகொண்டே சிட்டுவிடம் வந்தார். இடது பக்கத்தில் ஸ்கேலை வைத்தார். அளவு சரியாகத் தெரியட்டும் என்று மவுஸைப் பிடித்துத் திரையில் திறந்திருந்த ஜன்னலைக் கொஞ்சம் குறுக்கினார். இடது ஓரத்தில் இருந்த பட்டியல் சட்டென்று மேலே ஏறி, சமாச்சாரம் கீழே இறங்கி, படம் சுருங்கி, எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. தேர்வாளர் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டார்.

“நகருது!” என்றார். “முதல்வரைக் கூப்பிடுங்க. இந்தப் பக்கம் நகருது!”

மறுபடியும் அகலமாக்கினார். பக்கம் பழையபடி விரிந்தது. குறுக்கினார், ஒதுங்கியது. இப்படிக் கொஞ்ச நேரம் அவரும் பக்கமும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அவர் கொடுத்த அறிக்கையில் இப்படி எழுதியிருந்தார்: மாணவியின் பக்கம் அளக்கும்போது ஒத்துழைக்க மறுத்து விலகிச் சென்றது. கட்டம் ஒன்றும் காணப்படவில்லை.

வீட்டில் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். “அவ்வளவு சொன்னேனேடி!”

“போட ஆரம்பிச்சேன் சித்தி. பாதி போட்டேன். பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்.” சிட்டு நகத்தைக் கடித்தாள். “நல்லதைச் சொல்லிக்கொடுத்துட்டு, அதை மறந்துடுன்னா எப்படி சித்தி?”

விசாரணைக் குழு முதல்வர் அறையில் கூடியது. நீள மேசை, பிஸ்கட் தட்டு, சுவரில் வெள்ளைத் திரை. நாம் கற்பிப்பதையே நாம் கடைப்பிடிக்கிறோம் என்பதற்காக, நிலையத்தின் எல்லா அறிக்கைகளும் வலைப்பக்கமாக, கட்டம் போட்டே தயாராகும். டைப்பிஸ்ட் ஒரு மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்தான். அவன் அடிப்பதெல்லாம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. தலைவர் நடுவில் உட்கார்ந்தார், அவருக்கு வலதுபுறம் முதல்வர். மேசையின் இந்தப் பக்கம் டீச்சரும் சிட்டுவும்.

தலைவர் ஆரம்பித்தார். “நான் யாருக்கும் விரோதி இல்லம்மா. ஆனா ஒரு பக்கம்னா அது வெச்ச இடத்துல இருக்கணும். இன்னைக்குப் பக்கம் நகரும், நாளைக்குப் பாடத்திட்டம் நகரும், நாளன்னைக்கு நான் எங்க போய் நிக்கிறது? இந்தப் புத்தகத்தை நான் எழுதும்போது என் பையன் மூணாங்கிளாஸ் படிச்சான். இப்ப பெரிய கம்பெனியில வலைப்பக்கம்தான் செய்யுறான். என் புத்தகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிக்கட்டும்! இங்க வந்து பரீட்சை எழுதினா அவனும் ஃபெயில்தான். அதுல நான் பாரபட்சம் பார்க்க மாட்டேன்.”

முதல்வர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

“அடுத்தது, குற்றம் என்னங்கிறது.” தலைவர் விதிமுறையைப் புரட்டினார். “பாடத்திட்டத்துக்கு வெளிய இருக்கிற எதையும் பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டு வரக் கூடாது. இந்தப் பொண்ணு வெளி அறிவைக் கொண்டு வந்திருக்கு.”

“துண்டுச் சீட்டு எதுவும் கிடைக்கல சார்” என்றார் முதல்வர்.

“அதான் இன்னும் மோசம். சீட்டுல கொண்டு வந்தா பிடுங்கிடலாம். தலையில கொண்டு வந்தா எப்படிப் பிடுங்குறது? இனிமே உள்ள விடறதுக்கு முன்னாடி இதைச் சோதிக்க ஏற்பாடு பண்ணணும்.”

முதல்வர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு தலைவர் டீச்சரைப் பார்த்தார். குரல் இதமானது. “டீச்சர், இவ உங்க அக்கா பொண்ணுன்னு தெரியும். அதனால நேரடியாவே கேக்குறேன். இதை இவளுக்கு நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா? ஆமா, இல்லை. ஒரு வார்த்தை போதும். நீங்க ஆமான்னு சொன்னா அது டீச்சரோட தப்பு, பொண்ணுக்குப் பாஸ் போட்டுடலாம், உங்க விளக்கத்தைத் தனியா எழுதி வாங்கிக்கிறோம். இல்லைன்னா அது பொண்ணோட தப்பு.” சொல்லிவிட்டு, தற்செயலாகச் செய்கிற மாதிரி, மேசையில் இருந்த ஒரு கோப்பின் மேல் விரலால் தட்டினார். டீச்சருக்கு அந்தக் கோப்பைத் தெரியும். வருஷக்கணக்காகக் கனவில் பார்த்த கோப்பு.

சுவரில் ஒரு வெற்றுக் கட்டம் காத்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, பெரியது: ஆசிரியரின் விளக்கம்.

டீச்சர் வாயைத் திறந்தாள். ஆமா என்பது ரொம்பச் சின்ன வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே நின்றுகொண்டு, கோப்பைப் பார்த்தது. டீச்சர் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. மூன்றாவது வாயும் குடித்தாள்.

“யாரும் சொல்லிக்கொடுக்கல சார்” என்றாள் சிட்டு.

“உங்க டீச்சர்?”

“டீச்சர் வகுப்புல டேபிள்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க.”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். டம்ளர் காலியாகியிருந்தது. டைப்பிஸ்ட் ‘இல்லை’ என்று அடித்தான். அறை முழுக்க ஒரு பெருமூச்சு போனது. சிட்டுவை வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனாள்.

தலைவர் மகிழ்ச்சியில் எழுந்து நின்றே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே போனான். “மாணவி பெற்றிருக்கும் அறிவுக்கு இந்நிலையத்தில் எவரும் எவ்விதத்திலும் காரணமல்லர் என்பதைக் குழு தீர விசாரித்து உறுதிசெய்கிறது. இந்நிலையத்தின் ஆசிரியர்கள் எதையும் கற்றுக்கொடுத்துவிடவில்லை என்பதைப் பெருமையோடு பதிவுசெய்கிறது. மாணவி அடுத்த ஆண்டும் இதே வகுப்பில் அமர்ந்து, தெரிந்துகொண்டதைப் போக்கிக்கொள்ள வேண்டும்.” எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. தலைவர் அந்தக் கோப்பைத் திறந்து, ஒரு வழியாக, கையெழுத்துப் போட்டு, நிரந்தர உத்தரவை உறையில் வைத்து டீச்சரிடம் நீட்டினார். அவள் கை தானாக வாங்கிக்கொண்டது.

உறை கைக்கு வந்த பிறகுதான் டீச்சருக்கு நிலைமை முழுசாக உறைத்தது. அடுத்த ஆண்டு. இதே வகுப்பு. அந்த நல்ல அம்மாள் வைத்திருக்கிற இடம் ஒரு வருஷம் காத்திருக்காது. அக்கா இன்னும் எத்தனை சட்டைக்குக் காலர் தைக்க வேண்டும்? அந்தப் பெண் இரண்டாம் முறையாகத் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள், இவளோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றாள்.

“என்ன டீச்சர்?”

“நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுல. தெரிஞ்சேதான் சொல்லிக்கொடுத்தேன். அவ மேல தப்பில்ல. என்னுதுதான் தப்பு. அப்படியே எழுதிக்கோங்க.”

முதல்வர் கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “டீச்சருக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்றார் முதல்வர். “பொண்ணுக்காகப் பழியை ஏத்துக்கிறாங்க.”

“பழி இல்ல சார், உண்மை.”

தலைவர் யோசித்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. “சரி, அவ்வளவு தூரம் சொல்றாங்க. மாத்திப் பாருப்பா.”

டைப்பிஸ்ட் தயங்கினான். ‘இல்லை’ என்று வந்ததும், விளக்கத்துக்கான கட்டம் தேவையில்லை என்று அதை மூடி, அந்த இடத்தையும் சேர்த்துத் தலைவரின் பாராட்டு வாசகத்துக்குக் கொடுத்திருந்தான். இப்போது ‘ஆம்’ என்று போட்டால் விளக்கக் கட்டத்தை மறுபடியும் திறக்க வேண்டும். திறந்தான். சுவரில் இருந்த பக்கம் ஒரு குலுங்கு குலுங்கியது. பாராட்டு வாசகம் நசுங்கி ஓர் எழுத்து அகலத்துக்கு ஒடுங்கித் தரையை நோக்கி ஒழுகியது. மற்றவை எல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்தன. தவறு செய்தவர் என்பதற்குப் பக்கத்தில் தலைவரின் பெயர் வந்து நின்றது. போக்கிக்கொள்ள வேண்டியவர் என்பதற்குப் பக்கத்தில் முதல்வர்.

“எடு! எடு!” என்று தலைவர் அலறினார். “முதல்ல அதை எடு!”

டைப்பிஸ்ட் அவசரமாகப் பழையபடி ஆக்கினான். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கட்டத்தை எடுத்துட்டு எழுதலாமே” என்றாள் டீச்சர். “கட்டம் இல்லாம எழுதினா எவ்வளவு வேணும்னாலும் இடம் வரும். நான் இப்பவே செஞ்சு தரேன்.”

யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டைப்பிஸ்ட் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற குரலில், “அகலத்தைக் கட்டிப் போட்டிருக்கேன் டீச்சர்” என்றான். “நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் போட்டிருக்கேன்.” அவன் அவளுடைய பழைய மாணவன். அவனுக்கு வகுப்பில் முழு மதிப்பெண் கொடுத்தவளும் அவளேதான்.

“உங்க உணர்ச்சியை இந்தக் குழு ரொம்ப மதிக்குது டீச்சர்” என்றார் தலைவர். “ஆனா இடமில்ல.”

வராந்தாவில் சிட்டு ஜன்னல் ஓரமாக நின்று, கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் யாரோ வண்டியை எடுக்கச் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தைக் கழுவியிருந்தாள். டீச்சர் உறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தோன்றி முன்னால் கொண்டு வந்தாள்.

“அது என்ன சித்தி?”

“நிரந்தரம் பண்ணிட்டாங்க.”

“ஓ.” சிட்டு உண்மையாகவே சந்தோஷப்படப் பார்த்தாள். பாதி வரைக்கும் முடிந்தது. “எனக்கு?”

“அடுத்த வருஷம் மறுபடியும்.”

சிட்டு தலையாட்டினாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பது டீச்சருக்குத் தெரிந்தது.

“நான் சொல்லிட்டேன்டி. நீ வெளிய வந்ததும் சொல்லிட்டேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், தப்பு என்னுதுன்னு. எழுதிக்கவே மாட்டேங்கிறாங்க. நீ இல்லைன்னு சொன்னதும் என் விளக்கத்துக்கு இருந்த கட்டத்தை மூடிட்டாங்களாம். திறந்தா பக்கம் கலைஞ்சு போகுதாம். இடமே இல்லைன்னுட்டாங்க.” சிட்டு தன்னைத் திட்டினாலோ, கையை உதறிவிட்டுப் போனாலோ நன்றாக இருக்கும் என்று நின்றாள்.

சிட்டு திட்டவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, வரி வரியாகப் பார்த்து எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுகிறபோது வருகிற அதே முகத்தோடு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஆனா சித்தி,” என்றாள், “முதல்ல உங்களைத்தானே கேட்டாங்க. அப்ப அந்தக் கட்டம் காலியாத்தானே இருந்துச்சு?”